ரப்பர் வளையத்தைத் தள்ளிய விரல்

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதற்கப்புறம் படித்ததெல்லாம் பஸ் போர்டும், லாரிகளின் முதுகில் எழுதியிருக்கும் வாசகங்களும்தான். அப்படிப்பட்ட ஆள் செங்கம் ரோட்டில் ஒரு துருத்தியும் ஒரு பட்டறைக்கல்லுமாகத் தொடங்கி, ஐந்து வருஷத்தில் மூன்று கொட்டகை போட்டேன். லாரி ஸ்பிரிங் என்பது வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. அதில் எந்தப் பட்டை சோர்ந்துபோயிருக்கிறது என்று சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, ஓசையை வைத்தே சொல்லிவிடுவேன். போளூரிலிருந்தும் செங்கத்திலிருந்தும் வண்டிகள் வந்து என் வாசலில் வரிசையில் நிற்கும். இன்ஜினியர் படித்தவர்கள்கூட என்னிடம் வந்து கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்லுவேன். ஒன்றை மட்டும், ஒரே ஒருவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அது ஒரு பந்தயக் கார் சம்பந்தப்பட்டது.

எங்கள் ஊரைத் தலைநகராக வைத்து மாவட்டம் பிரித்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். ஒன்பது பஸ் வைத்திருந்த முதலாளி ஒருவர் எனக்கு வாடிக்கை. வயது முப்பத்தைந்துதான் இருக்கும். வேகம் என்றால் அவருக்குப் பைத்தியம். சென்னைக்குப் பக்கத்தில் பந்தயம் விடுவதற்கென்றே ஒரு தடம் போட்டிருந்தார்கள். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், யாரோ ஓட்டிக் கழித்த ஒற்றை ஆள் பந்தயக் காரை விலைக்கு வாங்கி, லாரியில் ஏற்றி, நேராக என் கொட்டகையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். தார்ப்பாயை விலக்கினால் நாலு சக்கரத்துக்கு நடுவில் ஒரு குளியல் தொட்டி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா மொதலாளி, பாசஞ்சரெல்லாம் எங்க ஒக்காருவாங்க?"

"நான் ஒருத்தன்தான் பாசஞ்சர். கண்டக்டரும் கெடையாது. நீ இதைக் குதிக்காம ஓடவெச்சுக் குடு மேஸ்திரி, போதும்."

அந்த சீசனில் ஐந்து பந்தயம். முதல் பந்தயத்துக்கு நான் எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். வண்டி ஆடுகிறது என்றால் ஸ்பிரிங்கை முரடாக்க வேண்டியதுதானே. தடிமனான கம்பியை எடுத்து, சூடேற்றிச் சுருட்டி, எண்ணெயில் முக்கி எடுத்து மாட்டினேன். பந்தயத்தன்று கார் தடம் முழுக்கத் தவளை மாதிரி துள்ளியது. முதலாளி கடைசிக்கு முந்தின ஆளாக வந்து சேர்ந்தார். கையுறையைக் கழற்றினால் உள்ளங்கையில் தோல் வழன்றிருந்தது.

"எடை கம்மி மொதலாளி, அதான் துள்ளுது" என்றேன். "காலி லாரி துள்ளும், லோடு ஏத்தினா அடங்கிடும். பின்னாடி ரெண்டு மூட்டை மண்ணு கட்டலாம்."

"மூட்டையைக் கட்டிக்கினு எவனை முந்தறது? எடை ஏத்தாமயே பாரம் ஏத்தற ஆள் ஒருத்தர் இருக்காராம். நாளைக்குக் கூட்டியாரேன்."

மறுநாள் சைக்கிளில் ஒருவர் வந்தார். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவர். ஒல்லி உடம்பு, முழுக்கைச் சட்டை, கேரியரில் ஒரு பையில் கம்பளி நூல் உருண்டை, செலோ டேப், இரும்பு ஸ்கேல், ஒரு நோட்டு. எங்கள் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை. காலங்காலமாக இந்த மண்ணில் பயிர் வைக்கிற சமணக் குடும்பம். பேசும்போது குரல் உயராது. சாயங்காலம் ஐந்து ஐந்தேகால் ஆனால் நோட்டை மூடிவிட்டு, "வரேங்க மேஸ்திரி" என்று கிளம்பிவிடுவார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் அவருக்கு. அதில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

காற்றை வைத்து வண்டியை அழுத்தப்போகிறேன் என்று அவர் சொன்னபோது நான் விடவில்லை.

"காத்து தூக்கும் சார். கூரையைத் தூக்கும், கொடியில போட்ட வேட்டியைத் தூக்கும். அழுத்தி நான் பாத்ததில்ல."

"கூரையைத் தூக்கற அதே காத்துதாங்க" என்றார். "கூரையைத் தலைகீழாத் திருப்பி வண்டி மேல மாட்டிட்டா, மேல தூக்கறது கீழ அழுத்தும்."

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

வேங்கிக்கால் பக்கம் கலெக்டர் ஆபீசைத் தாண்டி, மனைப்பிரிவுக்காகப் புதிதாகத் தார் போட்ட ரோடு ஒன்று நேராக ஓடும். வீடு ஒன்றும் வரவில்லை, போக்குவரத்தும் கிடையாது. சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டு, முதலாளி அதில்தான் காரை ஓட்டிப் பார்ப்பார். பௌர்ணமிக்கு முந்தியும் பிந்தியும் மட்டும் விட்டுவிடுவோம்; ஊருக்குள் கிரிவலக் கூட்டம் நெரியும்போது காரை லாரியில் ஏற்றி வெளியே எடுக்கவே முடியாது. திங்கட்கிழமை மனு கொடுக்க வந்த ஜனங்கள் ஒரு தடவை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "இந்த ஆட்டோ வேட்டவலம் வருமாப்பா?" என்று கேட்டார்.

சார் காரின் உடம்பெல்லாம் விரல் நீளத்துக்கு நூலை வெட்டி ஒட்டினார். நான் வேனை ஓட்டிக்கொண்டு பக்கத்தில் போக வேண்டும். அவர் ஜன்னல் வழியாக நூலையே பார்த்துக்கொண்டு வருவார். நூல் படிந்து கிடந்தால் காற்று ஒழுங்காகப் போகிறது, சிலிர்த்துத் துடித்தால் அந்த இடத்தில் காற்று கெட்டுவிட்டது என்று அர்த்தம். அப்படிப் பார்த்துப் பார்த்து முன்மூக்கைச் சரிசெய்தார், பக்கவாட்டில் தகடு வைத்தார். பிறகு பின்னால் ஒரு றெக்கை. அலுமினியத் தகட்டை வளைத்து அந்த றெக்கையைச் செய்தது நான். மாவு சலித்த மாதிரி வழவழவென்று இருக்கும். தட்டின அடையாளம் ஒன்றுகூடத் தெரியாது. அதைத் தாங்கும் கம்பத்தில் வரிசையாக ஐந்து ஓட்டை போட்டோம். மேல் ஓட்டையில் மாட்ட மாட்ட றெக்கை நிமிரும், காற்று அதிகமாக அழுத்தும்.

ஸ்பிரிங்கையும் மாற்றச் சொன்னார். முரட்டு ஸ்பிரிங் சக்கரத்தை ரோட்டைவிட்டுத் தூக்கி அடிக்கிறது, மெலிசாகச் செய்யுங்கள் என்றார். செய்தேன். இடது பின்பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறது என்று காதால் கேட்டு நான்தான் கண்டுபிடித்தேன். அதை அவரே ஒப்புக்கொண்டார். "இது எனக்குத் தெரியாதுங்க மேஸ்திரி, பத்து ஓட்டம் ஓட்டியும் தெரிஞ்சிருக்காது" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் டீக்கடையில் ஒரு வாரம் பேசினேன்.

இப்போது அந்த வளையத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஷாக் அப்சார்பரின் தண்டில் சின்ன ரப்பர் வளையம் ஒன்றை இறுக்கமாக மாட்டி வைத்திருந்தார். வண்டி அழுந்தும்போது மேலே இருக்கிற குழாய் இறங்கி அந்த வளையத்தைக் கீழே தள்ளும். குழாய் திரும்ப ஏறினாலும் வளையம் தள்ளின இடத்திலேயே நிற்கும். ஓட்டம் முடிந்ததும் ஸ்கேல் வைத்து, வளையம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து நோட்டில் எழுதுவார். மேடு பள்ளமில்லாத புது ரோடு என்பதால், றெக்கை இல்லாமல் ஓடினபோது எவ்வளவு, றெக்கையோடு ஓடினபோது எவ்வளவு என்று கழித்துப் பார்த்தால் காற்றின் பாரம் தெரிந்துவிடும். எந்த ஸ்பிரிங், எந்த ஓட்டை எல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான். "மனுஷன் சொல்றதுல ஆசை கலந்துடும், வளையத்துக்கு ஆசை கெடையாதுங்க" என்பார்.

இரண்டாவது பந்தயத்தில் முதலாளி மூன்றாவதாக வந்தார். வளைவில் கார் தரையோடு ஒட்டிக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஊருக்குத் திரும்பியதும் பஸ் ஷெட்டில் கூட்டம் கூடியது. முதலாளி சாருக்குப் பொன்னாடை போர்த்தினார். றெக்கைக்குச் சாமந்தி மாலை போட்டார். "எல்லாம் சாரோட மூளை" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். சார் என்னைக் கைகாட்டி, "மேஸ்திரி கை இல்லாட்டி ஒண்ணும் இல்லீங்க" என்றார். அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்தது, நான்தான் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் டீக்கடையில் டயர் கடைக்காரர் தொடங்கினார். "இன்னா மேஸ்திரி, காத்துக்கே மாலை போட்டாங்களாமே. ஒனக்கு ஒரு துண்டுகூட போத்தலியா?"

"தகடு ஆரு அடிச்சது?"

"தவுல் செஞ்சவனுக்கா பொன்னாடை? வாசிச்சவனுக்குத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தவன், அன்று முழுக்க ஒரு பட்டையைக்கூட நேராக அடிக்கவில்லை.

மூன்றாவது பந்தயத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள். சாயங்காலம் கடைசி ஓட்டம் முடிய நேரமாகிவிட்டது. சார் ஆகாயத்தைப் பார்த்தார். "வண்டியை அப்படியே ஷெட்டுல விட்டுடுங்க மேஸ்திரி. நான் காலையில வந்து அளக்கறேன், யாரும் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார். முதலாளியும் கிளம்பிவிட்டார். காரை லாரியில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுவந்து இறக்கியது நான்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. குனிந்து பார்த்தேன். வளையம் நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. அதற்கு முன்னால் அவ்வளவு இறங்கி நான் பார்த்ததில்லை. காற்று அவர் சொன்னதைவிட அதிகமாகவே அழுத்தியிருக்கிறது. அந்த மனுஷன் சொன்னது முழுக்க நிஜம் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கட்டை விரலால் வளையத்தை மேலே தள்ளினேன். ஒன்றும் அழுந்தவில்லை என்று காட்டுகிற மாதிரி. றெக்கை உதவாது என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும், ஸ்பிரிங்குக்காக என்னிடம் வந்து நிற்க வேண்டும். என் நினைப்பு அவ்வளவுதான். அதற்கப்புறம் என்ன ஆகும் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்குப் படிப்பும் இல்லை, பொறுமையும் இல்லை. இப்படிச் சொல்வதும் ஒரு சாக்குதான். கெடுதல் என்று தெரிவதற்குப் படிப்பு எதற்கு?

காலையில் சார் வந்து ஸ்கேலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "யாராவது தொட்டாங்களாங்க?" என்றார்.

"ஆரு தொடப் போறாங்க சார். பூட்டின ஷெட்டு."

அவர் நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்தார். வளையம் தப்பு என்று அவர் நினைக்கவில்லை. நான் நினைத்தபடி றெக்கையே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. றெக்கை காற்றைப் பிடிக்கவில்லை, இன்னும் நிமிர்த்த வேண்டும் என்று முடிவு செய்தார். இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க நேரமில்லை. தடத்துக்குப் போகிற லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. "ரெண்டு ஓட்டை மேல ஏத்துங்க" என்றார். ஸ்பேனரைப் பிடித்து ஏற்றியது என் கை.

பின்பக்கம் அளவுக்கு மீறி அழுந்தினால் முன்பக்கம் லேசாகிவிடும், ஸ்டியரிங் பிடிக்காது. லாரியில் லோடைப் பின்னால் தள்ளி ஏற்றினாலும் இதேதான். எனக்கு அது தெரியாதா? முப்பது வருஷமாக டிரைவர்களைத் திட்டிவந்த விஷயம் அது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

பயிற்சி ஓட்டத்தில் மூன்றாவது சுற்று. வேகமான வலது வளைவில் கார் திரும்பவே இல்லை. நேராகப் போய் டயர் அடுக்கில் மோதியது. முதலாளிக்குத் தோள்பட்டை எலும்பும் கணுக்காலும் முறிந்தன. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஸ்டிரெச்சரில் வைக்கும்போது அவர், "ஸ்டியரிங் கையிலதான் இருக்குது, வண்டி மட்டும் என்னைக் கேக்கல மேஸ்திரி" என்றார். வலியில் சொன்னாரா, கோபத்தில் சொன்னாரா தெரியாது.

சார் எல்லோர் முன்னாலும், "என் கணக்குதான் தப்பு" என்றார். குரல் அப்போதும் உயரவில்லை. பக்கத்தில் நின்ற நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நான் சொன்னது, "நான் அப்பவே சொன்னேன், காத்தை நம்பாதீங்கன்னு."

அந்த வருஷம் மிச்சப் பந்தயங்களுக்கு யாரும் போகவில்லை. முதலாளி காரை விற்றுவிட்டார். கால் தேறியதும் பஸ்ஸோடு நின்றுகொண்டார். சார் ஆஸ்பத்திரிக்கு ஒரு வாரம் தினமும் வந்து போனாராம். பிறகு என் கொட்டகைப் பக்கம் அவர் சைக்கிள் வரவில்லை. நான் சும்மா இருந்தேனா? அதுவும் இல்லை. காற்றை நம்பி எலும்பு போன கதையை வருகிற டிரைவருக்கெல்லாம் சொன்னேன். கேட்டுச் சிரித்தார்கள். டயர் கடைக்காரர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருஷம் இருக்கும். விபத்தான ஒரு லாரியைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவர் என் கொட்டகைக்கு வந்தார். பாலிடெக்னிக்கில் அந்த சாரிடம் படித்தவராம். பேச்சுவாக்கில் சொன்னார்:

"எங்க சார் வருஷா வருஷம் மொத கிளாஸ்ல ஒரு கதை சொல்வாருங்க. ரேஸ் கார் ஒண்ணு செஞ்சாராம். கண்ணு முன்னாடி வண்டி நல்லா அழுந்துறத பாத்தும், அளவு வேற காட்டுதுன்னு கண்ணை நம்பாம விட்டாராம். ஒரு மனுஷன் கால் போச்சு, ஒடைச்சது நான்தான்னு போர்டுல எழுதிப் போட்டுட்டுத்தான் பாடத்தையே தொடங்குவாரு."

என் கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தேன். பத்து வருஷம். வருஷத்துக்கு அறுபது பிள்ளைகள். அத்தனை பேர் முன்னாலும் அந்த மனுஷன் என் குற்றத்தைத் தன் பெயரில் எழுதிப் போட்டிருக்கிறார்.

நாலு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சாப்பாட்டுக்கு இடைஞ்சல் ஆகக்கூடாது என்று மூன்று மணிக்கே வேங்கிக்காலில் அவர் வீட்டுக்குப் போனேன். தலை நரைத்திருந்தது. "வாங்க மேஸ்திரி" என்று அதே குரலில் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார். நான் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். டீக்கடை, பொன்னாடை, கட்டை விரல் எல்லாவற்றையும். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் போனேன்.

அவர் கேட்டது இதுதான்: "எவ்ளோ தள்ளினீங்க?"

"இன்னாங்க சார்?"

"வளையம் எங்க இருந்துது, எங்க கொண்டுபோய் விட்டீங்க? எத்தினி மில்லிமீட்டர்?"

"தெரியலீங்க சார். அளக்கல."

"தோராயமா?"

என் கட்டை விரலை நானே பார்த்துக்கொண்டேன். ஓசையை வைத்தே பட்டையின் சோர்வைச் சொல்லுகிறவன், இதற்கு மட்டும் ஒரு அளவு சொல்ல முடியாமல் நின்றேன். "அது தெரிஞ்சா அன்னிக்கு றெக்கை நிஜமா எவ்ளோ அழுத்துச்சுன்னு இப்பகூட கணக்குப் போட்டுடலாம்" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"நான் இன்னா செஞ்சா தீரும் சார்?"

"எனக்கு ஒண்ணும் வேணாங்க. பத்து வருஷமா புள்ளைங்களுக்குத் தப்பா சொல்லியிருக்கேன். அளவை நம்பினது தப்புன்னு. தப்பு அது இல்லியே. திங்கக்கிழமை பத்து மணிக்குப் புதுப் புள்ளைங்களுக்கு மொத கிளாஸ். நீங்க வந்து நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. நான் சொன்னா உங்க மேல பழி போடற மாதிரி இருக்கும்."

"வரேங்க சார்" என்றேன்.

திங்கட்கிழமை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒன்பதரைக்கே பாலிடெக்னிக் கேட்டில் போய் நின்றேன். கூட்டத்தில் பேசுவது எனக்குப் புதிதல்ல. லாரி உரிமையாளர்கள் விழாவில் மைக் பிடித்து முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். காவலாளி நோட்டை நீட்டி, "யாரைப் பாக்கணும், இன்னா விஷயம்?" என்றார். கேட்டுக்கு உள்ளே காலேஜ் பஸ் ஒன்று நின்றது. பின்பக்கம் ஒரு புறமாகச் சாய்ந்திருந்தது. பட்டை முறிந்திருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது.

"பஸ்ஸு ஸ்பிரிங் கட்டு பாக்க வந்தேன்" என்றேன்.

"யாரு வரச் சொன்னாங்க?"

"ஆபீஸ்ல."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு அடியில் புகுந்துவிட்டேன். பத்து மணிக்கு மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு ஜோடி செருப்பும், அதற்குமேல் சாம்பல் நிறப் பேண்டும் பஸ் ஓரமாக வந்து நின்றன. யாருடையது என்று எனக்குத் தெரியும். மண்ணில் மல்லாந்து கிடந்த நான் முறிந்த பட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூட விடவில்லை. அவர் குனியவில்லை, கூப்பிடவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும். அப்புறம் அந்தக் கால்கள் திரும்பி வகுப்பைப் பார்த்து நடந்தன.

அன்று அவர் பிள்ளைகளிடம் என்ன சொன்னார் என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்றுவிட்டார் என்று மட்டும் கேள்விப்பட்டேன். அவரிடம் படித்த யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: அந்த மனுஷன் கணக்கில் தப்பு இல்லை. வளையத்தைத் தள்ளியது நான்.